பயில்வான் போட்டு உடைத்த ரகசியம்

எழுபத்தெட்டாம் வருடம், தில்லி. கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் மாடி வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை திருச்சியிலிருந்து மதுரைக்குப் போனதுதான் என் வாழ்க்கையின் பெரிய பயணம். அப்படிப்பட்டவளை ரயிலில் ஏற்றி, மூன்றாம் நாள் காலையில் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஊரில் கொண்டுவந்து இறக்கியிருந்தார் அவர்.

அவர் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். ஆள் நல்ல ஒல்லி. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது விலா எலும்பு வரிசையாகத் தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பல் கிட்டிக்கும் குளிரில் எனக்கு முன்னால் எழுந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டு, காபியும் கலந்து வைத்துவிட்டு, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற என்னை எழுப்புகிறவர். என் மாமியார் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

எதிர் வீட்டில் ஹரியானாக்காரர்கள். அந்த மனிதர் பளு தூக்கும் வீரர். அதற்காகவே அவருக்கு அரசாங்க வேலை கிடைத்திருந்தது. வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும். போட்டிகளுக்குப் போவதை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும், அவர் மாடிப்படியில் ஏறி வந்தால் எதிரே இறங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். பிளாக் முழுக்க அவரைப் பயில்வான்ஜி என்றுதான் கூப்பிட்டது. அவர் மனைவியை நான் தீதி என்பேன், அக்கா என்று அர்த்தம். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் குழந்தை இல்லை.

அந்த அக்டோபரில் திருச்சியிலிருந்து என் சீர் பீரோ லாரியில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்கள் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் கணவரும் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரும் அதைத் தூக்கினார்கள். ஏழு படி ஏறுவதற்குள் இவருக்குக் கை நழுவிவிட்டது. பீரோ சுவரில் மோதிய சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பயில்வான் இறங்கி வந்தார். ஒரு துண்டை முதுகில் போட்டுக்கொண்டு குனிந்தார், பீரோவை முதுகில் சாய்த்துக்கொண்டார், தனி ஆளாக ஏறி வந்து எங்கள் படுக்கையறையில் வைத்துவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் டீ கேட்டார்.

அப்போது நான் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டிருந்தேன். படியில் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, என் அரைகுறை இந்தியில், எங்கள் வீட்டுக்காரருக்கு ஃபைலையும் காபி டம்ளரையும் தவிர வேறு எதையும் தூக்க வராது என்று சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தியில் நான் சொன்ன முதல் ஜோக் அது. அன்றைக்குப் பூராவும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கணவரும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரமே அவர் சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். யாருடைய கார் கொட்டகையிலோ நடந்த சின்ன ஜிம். ஆபீஸ் முடிந்து நேராக அங்கே போய்விட்டு, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவார். நல்ல விஷயம்தானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், காலையில் பால் என்று என் பங்குக்கு ஏதோ செய்தேன். சில நாளில் பீரோவில் அவர் சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் லேபிள் எதுவும் இல்லை. கேட்டதற்கு, "சத்து மாத்திரை. ஜிம் மாஸ்டர் குடுத்தாரு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சில காலைகளில் அவர் மறந்துபோனால் நானே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது.

தில்லிக் குளிர்காலத்து வெயிலைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பதினோரு மணிக்கு ஆண்கள் எல்லாம் ஆபீஸில் இருப்பார்கள். பிளாக்குக்கு முன்னால் இருந்த புல்வெளியில் கயிற்றுக் கட்டில்களை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் உட்காருவோம். ஒருத்தி பட்டாணி உரிப்பாள், ஒருத்தி முள்ளங்கி நறுக்குவாள், நடுவில் காகிதத்தில் வேர்க்கடலையும் ஆரஞ்சுச் சுளையும் இருக்கும். எல்லார் மடியிலும் ஒரு கம்பளி நூல் உருண்டை. எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தது தீதிதான். கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவது என்று அரக்கு நிற நூல் வாங்கினேன். நவம்பர் முதல் வாரத்தில் தீதி சொன்னபடி அவர் மார்பை டேப்பால் அளந்து காகிதத்தில் எழுதிவைத்தேன். முப்பத்து நான்கு அங்குலம்.

பின்னிக்கொண்டே தீதி தன் கதையைச் சொல்வாள். அவளுடைய மாமியார் கிராமத்திலிருந்து வரும்போதெல்லாம் இன்னொரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுவாராம், அதுவும் அவள் காதில் விழும்படி. அவள் போன லேடி டாக்டர், அவளிடம் ஒரு கோளாறும் இல்லை, கணவரை அழைத்து வா என்று சொல்லியிருக்கிறார். பயில்வான் போகவே இல்லை. அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்த உடம்பைப் பார்த்த யாருக்கும் அவரிடம் குறை இருக்கும் என்று தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஒரு கிருத்திகையன்று அவளை மலை மந்திருக்குக் கூட்டிக்கொண்டு போய், முருகனிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லி, அவள் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். அவளுடைய குறைக்கு நான் வழி காட்டுகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

இதற்கிடையில் என் வீட்டில் என்னென்னவோ மாறிக்கொண்டிருந்தது. கணவரின் தோள் அகன்றது. கை உருண்டது. கன்னம் உப்பிக்கொண்டு முகமே வேறு மாதிரி ஆனது. உடம்பு எப்படி ஏறியது என்று ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று முதலில் குஷியாக வந்து சொன்னார். பிறகு பேச்சு குறைந்தது. முதுகெல்லாம் பெரிய பெரிய பருக்கள் வந்து, துவைக்கும்போது பனியனில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். மார்பில் எதேச்சையாகக் கை பட்டால்கூட வலியில் விலகுவார். விலகுவது அதோடு நிற்கவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் நாங்கள், ஒரே ரஜாய்க்குள் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. தட்டைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டுச் சுழன்று, ஸ்டவ்வுக்குக் கீழே போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு முறைகூடக் குரல் உயர்த்திப் பேசாத மனிதர் அவர். திரும்பி வந்ததும், "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் டென்ஷன்" என்றார்.

ஜனவரியில் ஸ்வெட்டர் ஒருவழியாக முடிந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னியதில் அவ்வளவு நாளாகிவிட்டது. ஆசையாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை. திரும்ப அளந்தால் மார்பு முப்பத்தேழு அங்குலம். மறுநாள் புல்வெளியில் இதைச் சொன்னபோது தீதி, நீ டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருப்பாய் என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம். அவள் அந்தக் கதையை வீட்டில் தன் கணவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லையாம். எத்தனை மாதத்தில் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, என் கணவர் முன்னறை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தீதி கேரட் அல்வா கொண்டுவந்து, சமையலறையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பயில்வான் வந்தார். தன் மனைவி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. கீழே வெயிலில் இருப்பதாக நினைத்திருக்கிறார்.

அவர்கள் பேசியது இந்தியில். புல்வெளிப் பேச்சில் பழகி, அதற்குள் எனக்குக் கேட்டால் புரிகிற அளவுக்கு வந்திருந்தது. நான் தமிழில் சொல்கிறேன். பயில்வான் என் கணவரைப் பாய் சாப் என்றுதான் கூப்பிடுவார், அண்ணே என்கிற மாதிரி மரியாதை.

"பாய் சாப், அந்தப் பாட்டிலை எடுங்க" என்றார் பயில்வான்.

"எந்தப் பாட்டில்?"

"ஜிம்ல குடுத்தானே, அது."

"அது வைட்டமின்."

"ரெண்டு மாசத்துல மூணு இஞ்ச் எந்த வைட்டமினாலயும் வராது. உங்க முகத்துல ஏறியிருக்கிறது சதை இல்ல, நீர். அந்த முகத்தை நாலு வருஷம் நான் கண்ணாடியில பார்த்திருக்கேன்."

என் கணவர் எழுந்துவிட்டார். இது என் வீடு, வெளியே போங்கள் என்று கத்தினார். குரல் கீழ் வீடு வரை கேட்டிருக்கும். பயில்வான் நினைத்திருந்தால் அவரை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்திருக்கலாம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. நானும் தீதியும் சமையலறையில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

"பயிற்சி முகாம்ல ஒருத்தன் குடுத்தான்" என்று ஆரம்பித்தார். "முதல்ல மாத்திரை, அப்புறம் ஊசி. எடை ஏறிச்சு, பதக்கம் வந்துச்சு, வேலை கிடைச்சுது, கல்யாணம் ஆச்சு. மார்ல வலி வந்துச்சு, கோபம் வந்துச்சு, பொண்டாட்டி பக்கத்துல போக முடியாம போச்சு. உங்களுக்கும் இதெல்லாம் இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. இருக்குன்னு எனக்குத் தெரியும். கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சு யாருக்கும் தெரியாம ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் பரிசோதனை பண்ணிட்டு..."

என் பக்கத்தில் நின்ற தீதி எப்போது நகர்ந்தாள் என்று தெரியவில்லை. அல்வாக் கிண்ணத்தோடு முன்னறை வாசலில் நின்றாள்.

பயில்வான் அவளைப் பார்த்துவிட்டார். பேச்சு நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம், இருமியிருக்கலாம், வேறு ஏதாவது சொல்லி மாற்றியிருக்கலாம். அவர் என் கணவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

"குழந்தை பிறக்க வழியில்லன்னு சொல்லிட்டார். குறை எங்கிட்டதான். அவகிட்ட ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா எனக்குத் தெரியும்."

தீதி கிண்ணத்தை என் கணவரின் நாற்காலிக் கையில் வைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

 பிறகு என் கணவர் உள்ளே போய் பீரோவைத் திறந்து, பாட்டிலைக் கொண்டுவந்து பயில்வானின் முன்னால் வைத்தார். 

"எதுக்கு ஆரம்பிச்சீங்க? நீங்க போட்டிக்குப் போறவர் இல்லையே" என்று பயில்வான் கேட்டார்.

என் கணவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சும்மாதான்" என்றார்.

அந்த நொடியில்தான் எனக்குப் படிக்கட்டும் பீரோவும் சிரித்த பெண்களின் முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் சொன்ன அந்தச் 'சும்மாதான்' என்னைச் சுட்ட மாதிரி, அவர் தட்டை எறிந்ததுகூடச் சுடவில்லை.

பயில்வான் உடனே எழுந்து போகவில்லை. எதிர் வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் இல்லை. நாலு மணி வரை எங்கள் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

மறுநாள் அவரே என் கணவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பிடிவாதமாகப் பஸ்ஸில் பின்னாலேயே போனேன். அங்கிருந்த டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்து, மாத்திரையை உடைத்துப் பார்த்து, கோபப்படாமல் விளக்கினார். ஆண் தன்மைக்கான சுரப்பை உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து அதையே அளவில்லாமல் போட்டால், இனி நமக்கு வேலை இல்லை என்று உடம்பு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அளவுக்கு மீறியதில் ஒரு பகுதி பெண் தன்மைக்கான சுரப்பாகவும் மாறுகிறது. மார்பில் வலி அதனால்தான். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான். என் கணவர் சாப்பிட்டது மூன்று மாதத்துக்கும் குறைவு என்பதால் பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

இதைச் சீக்கிரம் சரிசெய்ய ஏதாவது டானிக் இருக்கிறதா என்று இவர் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். சீக்கிரம் வேண்டும் என்றுதானே இங்கே வந்து நிற்கிறீர்கள் என்றார். நன்றாகத் தூங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், வெயிலில் இருங்கள், அளவாக உடற்பயிற்சி செய்யுங்கள், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், மாதா மாதம் வந்து காட்டுங்கள், இதைத் தவிர மருந்து கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. நிறுத்திய மூன்றாவது வாரத்திலிருந்து ஏறிய உடம்பெல்லாம் இறங்க ஆரம்பித்தது. அதோடு மனசும் இறங்கியது. ஆபீஸ் போக மாட்டேன் என்று ரஜாய்க்குள் படுத்துக்கிடப்பார். நான் ஒரு ஆம்பளையா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அன்னைக்குப் படியில சொன்னதுனாலதானே?" என்று கேட்டேன். அவர் ரஜாயை முகத்திலிருந்து விலக்கினார். பிறகு, "நீ தமிழ்ல எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பல வாரத்துக்குப் பிறகு அவராக என்னைத் தொட்டது அன்றுதான்.

அந்த மாதங்களில் அவரைப் படுக்கையிலிருந்து கிளப்பியது பயில்வான்தான். காலை ஆறரை மணிக்கு, பனி கலையாத நேரத்தில் கதவைத் தட்டுவார். பூங்காவில் நடை, பத்து தண்டால், இருபது பைட்டக் எனப்படும் உட்கார்ந்து எழும் பயிற்சி. அவ்வளவுதான். கூட ஒன்று போட்டால் திட்டுவார். "ஜல்தி வேண்டாம் பாய் சாப், ஜல்திதான் நம்ம ரெண்டு பேரையும் கெடுத்துச்சு" என்பார், ஜல்தி என்றால் அவசரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு பேரும் மொட்டை மாடி வெயிலில் உட்காருவார்கள். ஊறவைத்த கொண்டைக்கடலை, வெல்லமும் வேர்க்கடலையும், சுடச்சுடப் பால் என்று அவர் ஒரு பட்டியல் சொல்ல, நான் என் பங்குக்கு உளுந்தங்களி கிண்டினேன். அதை வாயில் போட்டுவிட்டு, இவ்வளவு நாள் இதை ஏன் ஒளித்துவைத்தீர்கள் அண்ணி என்று பயில்வான் கேட்டார். ஒன்பதரைக்கு எங்கள் வீட்டு விளக்கு அணைந்தே ஆக வேண்டும் என்பதும் அவர் போட்ட உத்தரவு.

எங்களுக்கு இவ்வளவும் செய்த மனிதர், தன் வீட்டில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்தார். தீதி அவரோடு பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தாள். சமைத்துத் தட்டில் வைத்துவிடுவாள், துணி துவைத்து மடித்து வைப்பாள், பேச மட்டும் மாட்டாள். புல்வெளிக்கு வருவதையும் விட்டுவிட்டாள். அவள் கட்டில் இருந்த இடம் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். என் வீட்டைக் காப்பாற்றப் போய்த்தானே அவள் வீடு இப்படி ஆனது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் துணிந்து போய்க் கதவைத் தட்டினேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"நீ எனக்குக் கயிறு கட்டின இல்ல?" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர்கிட்ட காட்டினேன். நல்லா இருக்குன்னு சொன்னார். நாலு வருஷம் நான் விரதம் இருந்தப்பல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தார். அவங்க அம்மா என்னை மலடின்னு சொன்னப்பல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். எங்கிட்ட சொல்லியிருந்தா ஒருநாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான். உன் புருஷன்கிட்ட சொல்றார்!"

 நின்றுகொண்டே அழுதேன். அவள் மாவுக் கையோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரர் விட்டுட்டாரா அதை?"

"விட்டுட்டார் தீதி."

"அச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தாள். போகும்போது சூடாக இரண்டு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.

அவள் கடைசியில் கணவரிடம் பேசியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அன்றைக்கு அந்த வீட்டில் சொன்னதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாளாம். ஹோலிக்கு இருவரும் கிராமத்துக்குப் போனார்கள். போகும்போது பயில்வானின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எத்தனையோ கூட்டத்துக்கு முன்னால் பாரத்தைத் தூக்கி நின்றவர், பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகிற குழந்தை மாதிரி அவள் பின்னால் படியிறங்கினார்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த தீதி, பெட்டியைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு நேராக என் சமையலறைக்குள் வந்தாள். காதோரத்தில் ஹோலிச் சிவப்பு இன்னும் போகாமல் இருந்தது. நடுக்கூடத்தில், அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மனைவிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டாராம். மாமியார் வாயே திறக்கவில்லையாம். மறுநாள் காலையில் தீதியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தானே அவள் தலையைப் பின்னிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு, "இட்லி இருக்கா? பசிக்குது" என்று கேட்டாள். எட்டு இட்லி சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை.

என் கணவர் தேற ஏழெட்டு மாதம் ஆயிற்று. முதலில் திரும்பி வந்தது அவருடைய சிரிப்பு. பிறகு காலையில் காபி கலக்கிற பழக்கம் வந்தது. மற்றதெல்லாம் மெதுவாக, நாங்கள் கவனிக்காத நேரத்தில் வந்து சேர்ந்தது. உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது. பயில்வானைப் போல இல்லை, பீரோவைத் தூக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் அது அவருடைய சொந்த உடம்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்த பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனி இங்கே வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது, வெளியே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த பயில்வான் இவரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து அரை அடி தூக்கிவிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது.

எண்பத்தொன்றில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே கொண்டுவந்த குழந்தையை முதலில் வாங்கியது தீதி. வாங்கியவள் யாரிடமும் கொடுக்காமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள் என்று என் கணவர் பிறகு சொன்னார். பயில்வான் கொஞ்சம் தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாராம். என் மகள் நடக்கப் பழகியது இரண்டு வீட்டு வாசலுக்கும் இடையில்தான். அவள் முதலில் பேசியது தமிழா ஹரியானாப் பேச்சா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை உண்டு.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவருக்கு ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்துப் போனார்கள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுப்பதாகவும், முதல் நாளே மாத்திரை பாட்டிலைப் பற்றித்தான் பேசுவதாகவும் தீதி ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். அவளுக்காக யாரோ எழுதிக்கொடுத்த இந்திக் கடிதம், கீழே அவள் கையெழுத்து மட்டும் கோணலாக. சில வருடம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கிட்வாய் நகரில் நாங்கள் இருந்த வீடுகளையும் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் புல்வெளியும் அந்த வெயிலும் என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

என் மகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போனில் அவளை வாழ்த்திவிட்டு வைக்கும்போது, வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்த பிறகும் ஒரு மனிதர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாரே, அந்த ஒரு வாக்கியத்தால் எங்களுக்கு வந்தவள் இவள் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.